உர வாளி

பால்கனி வெயிலில் பச்சை உர வாளி நிற்கிறது. "இனிமே நம்ம வீட்டுக் குப்பை வாசலைத் தாண்டாது" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு என் வீட்டுக்காரர் வாங்கி வைத்தது. மூடியைத் திறந்ததும் நாற்றம் முகத்தில் அறைகிறது. போடாதீங்க என்று பத்து தரம் சொல்லியும் அவர் கொட்டிய மீன் குடலில் வெள்ளைப் புழுக்கள் கொழுத்து நெளிகின்றன. காய்ந்த இலையைச் சேர்த்து, முழங்கைவரை கையை விட்டுக் கிளறுகிறேன். விரலிடுக்கில் கொழகொழவென்று ஏதோ வழிகிறது. அவர் மூக்கைப் பொத்திக்கொண்டு கதவுக்குப் பின்னால் நிற்கிறார். "உவ்வே! எப்படித்தான் தொடுறியோ!" நான் கிளறி முடித்ததும் புதுக் கையுறையை மாட்டிக்கொண்டு வருகிறார். "மூடாதே, இரு. கையைத் துடைச்சுட்டு, நான் கிளறுற மாதிரி ஒரு போட்டோ எடு. அப்பார்ட்மென்ட் குரூப்ல போடணும்." போன் திரையில், வாளிக்குப் பக்கத்தில் அவர் பல் தெரியச் சிரிக்கிறார். புழுவைத் தொட்டபோது வராத குமட்டல் இப்போது வருகிறது.