நாற்பத்து மூன்றாவது தப்பு

"அந்த நோட்டைக் கொண்டுபோய் பீரோவுல வெச்சுப் பூட்டும்மா. இன்னைக்கு அது வெளியவே வரக் கூடாது" என்றார் பொன்னுசாமி.

லேபில் வேலை பார்க்கும் ராஜலட்சுமி நோட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

ஓசூரில் பொன்னுசாமி நடத்தும் ரத்தப் பரிசோதனை லேபுக்குத் தரச்சான்று கொடுக்கலாமா என்று பார்க்க அன்று ஆய்வுக்கு வருகிறார்கள். சான்று கிடைத்தால் சிப்காட் தொழிற்பேட்டையில் இரண்டு கம்பெனி ஆட்களுக்கு வருடாந்திரப் பரிசோதனை இங்கேதான். கிடைக்காவிட்டால் அடுத்த வருடம் லேப் நடப்பதே சந்தேகம்.

இந்த நேரத்தில் போய் அந்த நோட்டா?

லேபில் நடக்கும் தப்புகளையெல்லாம் ராஜலட்சுமி ஒரு வருடமாக அதில் எழுதிவருகிறாள். அவள் பேனாவைத் திறந்தாலே, "சித்திரகுப்தி ஆரம்பிச்சுட்டாங்க, இன்னைக்கு யார் தலையோ" என்பான் டெக்னீஷியன் பூபதி. பொன்னுசாமி அதைப் பிரித்ததே இல்லை. முதல் பக்கத்திலேயே தன் பேர் இருந்துவிடுமோ என்று பயம். கூட வேலை செய்கிறவர்களைக் காட்டிக்கொடுக்க ஒரு நோட்டா என்று கோபமும் உண்டு.

காலையில் புது நோட்டு ஒன்று வாங்கி, பன்னிரண்டு மாதங்களையும் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் நேராக 'தவறுகள்: இல்லை' என்று போட்டுக் கையெழுத்திட்டிருந்தார். இது சரியா என்று தன்னையே கேட்டுக்கொண்டார். பதில் வருவதற்குள் நோட்டை மூடிவிட்டார்.

ஆய்வாளர் கமலக்கண்ணன் மெஷின், ஃபிரிட்ஜ் எல்லாவற்றையும் பார்த்துத் தலையாட்டிக்கொண்டே வந்தார். புது நோட்டைப் பிரித்ததும் தலை ஆடுவது நின்றுவிட்டது.

"ஒரு வருஷத்துல ஒரு தப்புகூட இல்லீங்களா?"

"இல்லீங்க சார்" என்றார் பொன்னுசாமி பெருமையாக.

கமலக்கண்ணன் ஃபைலை மூடினார். "அப்ப சான்றுக்கு என்னால எதுவும் எழுத முடியாதுங்க. தப்பே நடக்கலைன்னா, நடந்த தப்பு உங்க கண்ணுல படலைன்னுதான் அர்த்தம்."

ராஜலட்சுமி பொன்னுசாமியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் மெல்லத் தலையசைத்தார். பீரோ திறந்தது.

நின்றபடியே பழைய நோட்டைப் புரட்ட ஆரம்பித்த கமலக்கண்ணன் உட்கார்ந்துவிட்டார். பதினேழாவது தப்பை வாய்விட்டே படித்தார்.

"பாகலூரில் நஞ்சம்மா என்ற ஒரே பேருள்ள இரண்டு பேரின் ரிப்போர்ட்டும் மாறிவிட்டது. இரண்டு வீட்டுக்கும் நேரில் போய்ச் சொல்லப்பட்டது. சர்க்கரை உள்ள நஞ்சம்மா அன்றே டாக்டரிடம் அனுப்பப்பட்டார். சர்க்கரை இல்லாத நஞ்சம்மா, நான்கு நாள் சர்க்கரை போடாத காபி குடிக்க வைத்ததற்குத் திட்டிவிட்டு, ஒரு பை அவரைக்காய் கொடுத்தார். இனி பேரோடு வயதும் ஊரில் எந்தத் தெரு என்பதும் கேட்க வேண்டும்."

பூபதி சிரிப்பை அடக்கிக்கொண்டான். மாற்றிக் கொடுத்தது அவன்தான்.

"இதெல்லாம் யார் யார் பண்ணின தப்புங்க?"

"பேர் எழுத கட்டம் போடலீங்க சார்" என்றாள் ராஜலட்சுமி. "பேர் போட்டா அடுத்த தப்பை மறைச்சுருவாங்க."

பொன்னுசாமி எட்டிப் பார்த்தார். என்ன நடந்தது, எப்படித் திருத்தினோம், இனி என்ன செய்வோம். பக்கம் பக்கமாக அவ்வளவுதான். எங்கேயும் ஒரு பேர் கிடையாது. எட்டாவது தப்பு தன்னுடையது என்று அவருக்கு மட்டும் தெரிந்தது.

கமலக்கண்ணன் கடைசிப் பக்கத்துக்கு வந்தார். அன்றைய தேதி போட்டு நாற்பத்து மூன்றாவது தப்பு இருந்தது: 'தவறுகள் இல்லை என்று ஒரு புது நோட்டு தயாரிக்கப்பட்டது. திருத்தம்:'

அதற்கு மேல் காலியாக விட்டிருந்தாள்.

கமலக்கண்ணன் நிமிர்ந்து மூன்று பேரையும் பார்த்தார்.

பொன்னுசாமி பேனாவை எடுத்தார். 'உண்மையான நோட்டு காட்டப்பட்டது' என்று எழுதினார். அப்படியும் மனசு ஆறவில்லை. கட்டம் இல்லாத ஓரத்தில் நெருக்கி, 'செய்தது நான், பொன்னுசாமி' என்று சேர்த்தார்.

"இப்ப எழுதலாம்" என்று கமலக்கண்ணன் தன் ஃபைலைத் திறந்தார்.

ராஜலட்சுமி நோட்டைத் தன் பக்கம் இழுத்து, முதலாளியை ஒரு பார்வை பார்த்துவிட்டு எழுதினாள்:

'நாற்பத்து நான்கு: இந்த நோட்டில் ஒருவர் பேர் எழுதப்பட்டது.'