வேண்டாத நேரத்து டைம் அவுட்

எதிரணி கேப்டன் மறுபடியும் டைம் அவுட் கேட்டுக் கையைத் தூக்கினான்.

விசில் ஊதியது. மோதிக்கொண்டிருந்த எட்டு சக்கர நாற்காலிகளும் அப்படியே நின்றன.

நம்ம டீம் கோச்சுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அரையிறுதி, கடைசிக் கட்டம், ஸ்கோர் சமம். பந்து அவன் மடியில் இருக்கிறது, யாரும் மடக்கவில்லை. இந்த நேரத்தில் எவனாவது டைம் அவுட் கேட்பானா?

சக்கர நாற்காலி ரக்பியில் டைம் அவுட் லேசுப்பட்ட சமாச்சாரம் இல்லை. பந்தோடு மாட்டிக்கொண்டால் தப்பிக்க அது ஒன்றுதான் வழி. அளந்துதான் கொடுப்பார்கள். கோச்சுடைய டீம் தன் பங்கை எப்போதோ காலி பண்ணிவிட்டது.

"நம்ம புல்டோசர் வேகமெடுத்தாலே கையைத் தூக்கிடுறான். கேடிப்பய" என்று முணுமுணுத்தார்.

புல்டோசர்தான் டீமின் தூண். எதிரே எவன் வந்தாலும் டமாலென்று இடித்துத் தள்ளிவிட்டுப் போகிறவன். அவன் ஓரத்துக்கு வந்ததும் அவன் மனைவி தண்ணீர் ஸ்ப்ரேயோடு ஓடினாள்.

புல்டோசர் மாதிரி கழுத்துத் தண்டுவடத்தில் அடிபட்டவர்களில் நிறைய பேருக்கு வேர்ப்பதே இல்லை. சூடு உள்ளேயே ஏறிக்கொண்டு போகும். ஆட்டம் நிற்கும்போதெல்லாம் தண்ணீர் தெளித்துத் தணிக்க வேண்டும். அதற்காகவே அவளை அழைத்து வந்திருந்தார்கள். ஹாலில் ஏசி வேறு காலையிலிருந்தே மக்கர்.

"கோச் சார், இவர் முகத்தைப் பாருங்க. செக்கச்செவேல்னு கெடக்கு. தொட்டா கொதிக்குது. வெளிய எடுத்துடுங்க சார்."

"ஏம்மா, இவனை எடுத்துட்டு யாரை வச்சு ஆடுறது? நீ ஆடப் போறியா?"

"நாளைக்கும் இவர் எனக்கு வேணும் சார்."

"இன்னும் கொஞ்ச நேரம்தாம்மா. பல்லைக் கடிச்சுக்கிட்டு ஆடிடுவான். என்னடா?"

புல்டோசர் தலையை மட்டும் ஆட்டினான். ஒரு நிமிஷம் வாய் மூடாதவன், பேசவில்லை.

கோச்சுக்கும் உள்ளே திக்கென்றதுதான். ஆனால் பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டார். இந்தத் தடவையும் ஃபைனலுக்குப் போகவில்லையென்றால் வேறு கோச்சைப் பார்த்துக்கொள்கிறோம் என்று சங்கத்தில் முகத்துக்கு நேராகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

ஆட்டம் தொடர்ந்தது. இரும்போடு இரும்பு மோதுகிற சத்தத்தில் காது அடைத்தது. ஆளுக்கொரு கோல் போட்டார்கள். மறுபடி பந்து எதிரணி கேப்டனிடம் போனது. அவன் பந்தைப் பார்க்காமல் புல்டோசரையே ஒரு கணம் முறைத்துப் பார்த்தான். பிறகு கையைத் தூக்கினான்.

அவனுடைய கோச்சே தலையில் அடித்துக்கொண்டார்.

நம்ம கோச் நேராக நடுவரிடம் போனார். "இது அநியாயம் சார். வேணும்னே ஆட்டத்தைக் கெடுக்குறான், நீங்க வேடிக்கை பாக்குறீங்க."

"அவங்க டைம் அவுட், அவங்க எப்ப வேணா கேக்கலாம். இதோட அவங்களுக்கும் தீர்ந்துபோச்சு" என்றார் நடுவர்.

கேட்கக் கேட்க இனித்தது கோச்சுக்கு. புல்டோசரின் மனைவி பாட்டில் காலியாகும்வரை தெளித்துக்கொண்டிருந்தாள். கோச் டீமைக் கூட்டி, "அவனை மூலையில மடக்குங்க. கேக்குறதுக்கு இனி டைம் அவுட் கெடையாது" என்றார்.

அப்படியே மடக்கினார்கள். முன்னால் ஒருவன், பக்கத்தில் புல்டோசர். கேப்டனால் பந்தைத் தட்டவும் முடியவில்லை, தூக்கிக் கொடுக்கவும் முடியவில்லை. பத்து நொடிக்குள் இரண்டில் ஒன்றைச் செய்தாக வேண்டும் என்பது விதி. பத்து நொடி கழிந்தது. விசில். பந்து கைமாறியது.

புல்டோசர் அதை மடியில் போட்டுக்கொண்டு கோட்டைத் தாண்டினான். கொஞ்ச நேரத்தில் ஆட்டமும் முடிந்தது. ஒரே ஒரு பாயிண்டில் ஜெயம்.

கோச்சுக்கு உயிர் வந்தது. ஓரத்தில் புல்டோசரைப் படுக்க வைத்து, டாக்டரும் மனைவியும் கழுத்திலும் அக்குளிலும் ஐஸ் வைத்துக்கொண்டிருந்தார்கள். "சூடு இறங்கிடும், பயப்படாதீங்க" என்றார் டாக்டர். அதைக் காதில் வாங்கியபடியே கோச் எதிரணி கேப்டனிடம் போனார். கைகொடுக்கும்போது சும்மா இருக்க முடியவில்லை.

"டைம் அவுட்டை எல்லாம் இப்படி வாரி இறைச்சீங்களே. அதான் தோத்தீங்க."

வேற்றுமொழிக்காரன்தான், ஆனாலும் இருவருக்கும் பொதுவாக இருந்த அரைகுறை இங்கிலீஷில் அது அவனுக்குப் புரிந்தது. கோபப்படவில்லை. அவரைத் தாண்டி, படுத்திருந்தவனை எட்டிப் பார்த்தான்.

"அவருக்கு இப்ப எப்படி இருக்கு?"

"ஜெயிச்சுட்டானே, அவனுக்கென்ன" என்றார் கோச்.

"அந்தம்மா உங்ககிட்ட கெஞ்சுறதைப் பாத்தேன். நீங்க அவரை வெளிய எடுக்கல, உங்ககிட்ட டைம் அவுட்டும் இல்ல" என்றான் கேப்டன். "தண்ணி தெளிக்க அவங்களுக்கு நேரம் வேணுமே சார்... அதான் எங்களோடதைக் கேட்டேன்."