குடைச்சல்

அந்தக் காலத்து வீட்டுக் கம்ப்யூட்டர் ஒன்றை அப்படியே செல்போனுக்குள் ஓட வைக்கும் எமுலேட்டர் என்ற மென்பொருளை எழுதி, இணையத்தில் எல்லோரும் சோதித்துப் பார்க்க விட்டிருந்தாள் மனைவி. அதில் அவனுக்கு வருத்தமில்லை. ‘குடைச்சல்’ என்ற புனைபெயரில் தினமும் அதில் பிழை கண்டுபிடித்து அவளுக்கு எழுதும் ஆசாமிதான் அவனுடைய வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டான்.

“கர்சர் கொஞ்சம் வேகமா சிமிட்டுதாம். குடைச்சல் சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்று சிரித்தாள்.

மாமியாரோடு பேச்சுவார்த்தையே இல்லாதவள், கட்டியவனிடம்கூட அளந்து பேசுகிறவள், முகம் தெரியாதவனுக்குப் பக்கம் பக்கமாகப் பதில் எழுதுகிறாள்.

“யாரு அவன்?”

“தெரியாது. ஆனா என் மனசைப் படிச்ச மாதிரி பேசுறாரு.”

அவள் குளிக்கப் போனதும், பொறுக்கமாட்டாமல் தன் போனிலிருந்து அந்த இணையப் பக்கம் வழியாகக் குடைச்சலுக்குச் செய்தி அனுப்பினான்: ‘அடுத்தவன் பெண்டாட்டியோடு உனக்கென்ன பேச்சு? நான் அவள் புருஷன். இத்தோடு நிறுத்திக்கொள்.’

பக்கத்து அறைக் கதவு திறந்தது. கையில் போனோடு அம்மா நின்றாள்.

“அந்தக் காலத்துல ஸ்கூல்ல நான் பாடம் நடத்தின கம்ப்யூட்டர்டா அது. பார்த்ததும் கை சும்மா இருக்கல” என்றாள், தணிந்த குரலில். “அவகிட்ட சொல்லிடாதே. குடைச்சல் நான்தான்னு தெரிஞ்சா, இதுலயும் பேச்சை நிறுத்திடுவா.”