தனிப் பீங்கான்

"ஸப்வானுக்கு மட்டும் தனிப் பீங்கானில போடு" என்றார் சமையல்காரர் றம்ஸான் நானா.

சோறு பரிமாறிக்கொண்டிருந்த ரஜீவன் தயங்கினான்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்தால் கடையில் வேலை செய்கிற ஆண்கள் எல்லாரும் ஒரே சஹனைச் சுற்றிக் குந்தித்தான் சாப்பிடுவார்கள். அந்தப் பெரிய தட்டில் மெனேஜருக்கும் ஒரு பக்கம், சமையல்காரருக்கும் ஒரு பக்கம். வெள்ளியில் மீன் மச்சம் தொடாத ரஜீவனுக்காக அன்றைக்கு எல்லாருக்குமே மரக்கறிச் சோறுதான்.

"பாவம் நானா, அவர் என்ன நினைப்பார்?"

"எங்கட வயித்தில அடிக்கிறவரோட ஒரே சஹன்ல கை வைக்க எனக்கு ஏலாது."

திருகோணமலைத் துறைமுகத்தடியில் தாஹிர் ஹாஜியாரின் ரெஸ்டோரன்டுக்குள் ஏஐ மெசின் வந்தது நோன்புப் பெருநாள் கழிந்த கையோடுதான். கட்டாரில் இருக்கும் மகன் அனுப்பி வைத்தது. பார்வைக்கு ஒரு கண்ணாடித் திரை, அவ்வளவுதான். ஆனால் அது வந்தால் ஆள் குறையும் என்று ஹாஜியாரே வாய்விட்டுச் சொல்லியிருந்தார்.

அன்றிலிருந்து மெனேஜர் ஸப்வான் அதன் முன்னாலேயே கிடந்தான். ஹோட்டல் நிர்வாகம் படித்த பிள்ளை. அஸர் தொழுகைக்குப் பிறகு கடை ஓய்ந்திருக்கும்போது, சின்னப் பிள்ளைக்குப் பாடம் சொல்கிற மாதிரி அதற்குச் சொல்லிக்கொண்டிருப்பான். காற்று மாறினால் குச்சவெளி மீன் பிந்தும், முன்கூட்டியே வேறு ஆளுக்குச் சொல்லி வைக்க வேண்டும். கப்பல் வந்தால் பார்சல் கூடும். யாருக்கு எப்போது லீவு, குறை சொல்லி வருகிறவருக்கு என்ன பதில், எல்லாம்.

றொட்டி போடும் அஷ்பாக் பகிடி விட்டான். "எங்களுக்குத்தான் கபுறுக் குழி வெட்டுறார் நானா. ஆளை அளவெடுக்கிறதுதான் மிச்சம்."

றம்ஸான் நானாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அடுப்பைத் தவிர வேறு தொழில் அவருக்குத் தெரியாது. மகள் இப்போதுதான் கம்பஸுக்குப் போயிருக்கிறாள்.

மசாலாவின் அளவைக் கேட்டு வந்தால் ஒரு சொல்லும் சொல்வதில்லை என்று முடிவெடுத்தார். அப்படி எதையும் ஸப்வான் கேட்கவே இல்லை. கேட்காததும் ஒரு கள்ளத்தனம் என்றே அவருக்குப் பட்டது.

அதனால்தான் இன்றைய ஜும்ஆவில் கையேந்திக் கேட்டார். "யா அல்லாஹ், அந்த மெசின் ஒராளை வெளியில போடத்தான் வேணுமெண்டா, அது இந்த மெனேஜர் பொடியனா இருக்கட்டும்."

ஸப்வான் தனிப் பீங்கானைக் கண்டான். எடுத்துக்கொண்டு போய் ஓரத்துக் கதிரையில் இருந்தான்.

அந்த நேரம்தான் ஹாஜியார் உள்ளே வந்தார். நாளையிலிருந்து கடையில் ஒராள் குறைகிறது என்றார்.

றம்ஸான் நானா எழுந்து நின்றார்.

"ஹாஜியார், குசினியில ஒராளை நிப்பாட்டினாலும் நாங்க எல்லாரும் போறம். இதில மாற்றம் இல்ல."

ஹாஜியார் அவரை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"நான் குசினியிலதான் குறைக்கச் சொன்னனான். இந்த ஸப்வான்தான் ரெண்டு மாசம் தவணை கேட்டார். இப்ப மெனேஜர்ட வேலை முழுக்க அந்த மெசினே செய்யுது. படிப்பிச்சதும் இவர்தான். 'என்னைக் குறையுங்க, அடுப்படியில கை வைக்காதீங்க' எண்டு வந்து நிக்கிறார்."

சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

"நான் படிச்சவன் நானா" என்றான் ஸப்வான். "வயசும் இருக்கு. ஒரு வேலையைத் தேடி எடுத்திருவன். இந்த அடுப்பை விட்டா நீங்க எங்க போவீங்க?"

"முதல்லயே எங்களுக்கிட்ட சொல்லியிருக்கலாமே மகன்."

"சொன்னா நீங்க விட்டிருக்கமாட்டீங்க, நானா."

றம்ஸான் நானா அவன் கையிலிருந்த பீங்கானை வாங்கினார். அந்தச் சோற்றைச் சஹனில் கொட்டினார். முழங்காலை ஒடுக்கித் தன் பக்கத்தில் இடம் விட்டார். ஸப்வான் வந்து குந்தினான்.

மற்றவர்கள் சாப்பிடத் தொடங்கினார்கள். றம்ஸான் நானாவின் கை மட்டும் சோற்றுக்குப் போகவில்லை.

ஜும்ஆவில் அவர் கேட்ட துஆ, கேட்டபடியே நிறைவேறியிருந்தது.