வளையல் சிவந்தால்

பூங்கோதையின் வளைகாப்பன்று ஆஸ்பத்திரியிலிருந்தும் ஒரு பச்சை வளையல் வந்தது. ரத்தத்தில் அழற்சி ஏறினால் அது சிவக்கும். பிள்ளை நாளுக்கு முன்பே பிறந்துவிடலாம் என்று அர்த்தம்.

முதல்முறை அது சிவந்தபோது மாமியார் சொர்ணம் அவள் சமையலைக் குறைசொல்லிக்கொண்டிருந்தாள். தன் பேச்சுதான் காரணமென்று பயந்துபோய் அத்தோடு வாயை மூடிக்கொண்டாள். அன்றிலிருந்து வீட்டில் பூங்கோதை வைத்ததுதான் சட்டம். மாமியார் பேச்செடுத்தால், வளையல் கையை மெல்லத் தூக்கிக் காட்டுவாள்.

ஒருநாள் சொர்ணம் தென்காசிக்குப் போயிருந்தாள். திட்ட ஆளில்லாத வீட்டில் வளையல் காலையிலிருந்து சிவந்தே கிடந்தது. பூங்கோதை ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

டாக்டர் வாயைத் திறக்கச் சொன்னார்.

"ஈறு சீழ் பிடிச்சிருக்கும்மா. அதுதான் பிள்ளையை அவசரப்படுத்துது. வலிக்கலையா?"

"வலிச்சுது. சொன்னா அத்தை அல்வாவைப் பூட்டி வச்சிருவாங்க."

மருந்தில் வளையல் பச்சைக்குத் திரும்பியது. சேதி கேட்டு ஓடிவந்த சொர்ணம் மருமகள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அப்போ என் பேச்சால இல்லையே?"

"இல்ல அத்தே."

சொர்ணம் ஒரு செம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு, இத்தனை நாளாக அடக்கி வைத்திருந்ததையெல்லாம் பேச ஆரம்பித்தாள். பிரசவம் வரை நிறுத்தவில்லை. பிள்ளை மட்டும் அவசரப்படாமல், நாள் நிறைந்தே பிறந்தது.