பேச்சு நின்ற இடம்

மனநல ஆலோசகர் பயிற்சியில் இருந்த ரெஜினா, மகனைப் பறிகொடுத்த ஒருவரோடு பேசிய ஒலிப்பதிவை மேற்பார்வையாளர் ஞானதுரைக்குப் போட்டுக் காட்டினாள். பேச்சு நின்ற இடத்தில் அவர் பதிவை வேகமாக ஓட்டினார். அவள் பின்னால் இழுத்து அதே இடத்தில் விட்டாள். மறுபடியும் ஓட்டினார். இம்முறை அவள் கைபேசித் திரையை உள்ளங்கையால் மூடிக்கொண்டாள்.

"சும்மா உட்கார்ந்திருந்தியாம்மா? எதையாவது கேட்டிருக்க வேண்டாமா?"

"எல்லாரும் கேள்வியா கேட்டுத் துளைச்சதாலதான் சார் நம்மகிட்ட வந்தாரு."

"ஃபெயில் போட்டுருவேன்."

"போடுங்க. முழுசாக் கேட்டுட்டுப் போடுங்க."

பதிவில் மின்விசிறி மட்டும் ஓடியது. ஞானதுரை தொண்டையைக் கனைத்தார், பேனாவை மூடித் திறந்தார், நாற்காலியில் நெளிந்தார்.

"முடிஞ்சுதா?"

"இல்லை சார்," கையை எடுக்காமலே சொன்னாள். "அவர் இன்னும் அழுது முடிக்கலை."