இரண்டு முட்டைகள்

ஒரு சுவர் மஞ்சள், ஒரு சுவர் ஊதா, பால்கனிக்கு ஒரு மரம் என்று கட்டிய அந்தக் குடியிருப்பில் ஒரு சட்டம் உண்டு. ஜன்னலில் பறவை கூடு கட்டினால், குஞ்சு பறக்கும்வரை அந்த வீட்டுச் சுவரைத் துளைக்கக் கூடாது.

டீச்சர் வீட்டில் ஏ.சி. மாட்ட வந்தவன் டிரில்லை எடுத்ததும், மேல்வீட்டுக்காரர் தடதடவென்று இறங்கி வந்தார்.

"நிறுத்துப்பா! ஜன்னல் மேல கூடு இருக்கு."

டீச்சருக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது. "நேத்து வரைக்கும் அங்க ஒண்ணுமே இல்லையே!"

"எனக்கும் அப்படித்தான். மரத்துக்குத் தண்ணி ஊத்த உங்ககிட்ட சாவி குடுத்துட்டு ஊருக்குப் போனேன். வந்து பார்த்தா என் ஜன்னல்ல கூடு! சட்டம் பேசி என்னை ஏ.சி. மாட்ட விடாம நிறுத்தினது நீங்கதானே? ரெண்டு மாசம் வெந்தேன், ஒரு குஞ்சும் பொரிக்கலை."

"அது வேற, இது வேற!"

"ஏறிப் பாருங்க."

டீச்சர் ஸ்டூலில் ஏறிப் பார்த்தார். கூட்டுக்குள், அன்று டிரில் சத்தத்துக்குப் பயந்து மேல்வீட்டு ஜன்னலில் டீச்சரே கொண்டுபோய் வைத்த அதே இரண்டு பிளாஸ்டிக் முட்டைகள்.

"என்ன டீச்சர், நிஜ முட்டைதானே?"

டீச்சர் பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கினார்.

"நிஜ முட்டைதான். டிரில்லை எடுத்து உள்ள வைப்பா."